பின்வாசல் பாஷையில் எழுதாமல் விட்ட வாக்கியம்

என்னை முன்னால் ஓடவிட்டுப் பின்னால் நின்றுவிட்ட என் பிரியமுள்ள செல்வம் அண்ணனுக்கு,

தங்கச்சி இசக்கி எழுதுகிறேன். தம்பானூர் லாட்ஜ் சந்துக்குள், நீ வேலை பார்த்த அதே பிரவுசிங் சென்டரில், நீ உட்காருகிற அதே மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் நான் கத்தினால் நீ திகைக்கவேண்டாம்.

ஒரு சேதி. உன் வெப் பக்கங்களுக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்த கம்பெனி கடையைக் கட்டுகிறது. இந்த மாதக் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களாம். உன் மெயில் பெட்டிக்கு வந்திருந்தது. அழிக்கிறவன் கையை முறிக்கலாம் என்றால் அவன் எங்கேயோ கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறான். நான் சின்னதாக ஒரு இடம் வாடகைக்குப் பிடித்து, உன் பக்கங்களை ஒவ்வொன்றாக அங்கே குடிவைத்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை பெரியதில்லை. ஆனால் ஒரு பக்கம் முடியாமல் கிடந்தது. 'மொரு' என்ற வார்த்தையின் பக்கம். நாம் இரண்டு பேரும் உண்டாக்கிய பாஷையில் யார் எதைப் பேசினாலும் அதை அந்த வார்த்தையின் கீழே எழுதியே தீரவேண்டும் என்பது உன் சட்டம். நீ கடைசியாக வாயைத் திறந்து சொன்னது அந்த வார்த்தைதான். கேட்டவள் நான் ஒருத்திதான். இத்தனை வருஷமாக அதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதாமல் புது இடத்துக்குக் கொண்டுபோகவும் மனசு வரவில்லை. நான் என்ன செய்ய?

இந்தக் கடிதத்தை உன் முதல் பக்கத்திலேயே போடப்போகிறேன். அதனால் நம்மைத் தெரியாதவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நம் அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்த பரோட்டா மாஸ்டர். மாவை அடித்து அடித்து முறுக்கேறிய கை. அம்மா காய்ச்சலில் போனபிறகு அந்தக் கைக்குக் குறுக்கே வர ஆளில்லை. ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் நம் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அவர் அடித்த அடி இருக்கிறதே, பெல்ட்டால், விறகால், கையில் அகப்பட்டதால். சோற்றில் கல் கிடந்தால் அடி. சிரித்தால் அடி. அழுதால் அதற்கு ஒரு அடி. ஒருநாள் சூடான சட்டுவத்தை உன் காதுக்குப் பின்னால் வைத்து இழுத்தார். தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. கல்லில் பரோட்டாவைத் திருப்பிப்போடுகிற அதே சட்டுவம். 

அடி வருவதை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவேண்டும். தமிழில் சொன்னால் அப்பாவுக்குப் புரியும். மலையாளத்தில் சொன்னால் ஹோட்டலுக்கே புரியும். இங்கிலீஷ் நமக்கே புரியாது. அதனால் நாமே உண்டாக்கிக்கொண்டோம். 'கெலூ' என்றால், வருகிறார், கையில் என்ன இருக்கிறது பார். 'தபிசா' என்றால், வலிக்கும், ஆனால் இப்போது அழுதுவிடாதே. 'மொரு' என்றால், நீ முதலில் ஓடு, நான் பின்னால் வருகிறேன். நல்ல வார்த்தை என்று ஒன்றே ஒன்று இருந்தது. அப்பா பார்க்காதபோது எடுத்து, சால்னாவில் முக்கித் தின்கிற கிழிந்த பரோட்டாவுக்கு 'ஒவிலி' என்று பேர் வைத்தாய்.

மொரு சொன்னால் நீ வருவாய். ஒவ்வொரு தடவையும் வந்தாய். பின்வாசல் வழியாக நான் முதலில் ஓடித் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நிற்பேன். எனக்கு விழவேண்டியதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக நீ பின்னால் வந்து சேருவாய். அதை நம்பித்தானே அண்ணே நான் வளர்ந்தேன்?

பெரியவனானதும் நீ லாட்ஜில் ரூம்பாயாக இருந்து, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, இந்தக் கடையில் சேர்ந்தாய். அப்போது ஆளாளுக்கு வெப் பக்கம் போட்டுக்கொண்டிருந்த காலம். திறந்தால் நட்சத்திரம் மின்னும், எழுத்து ஓடும், பாட்டுப் பாடும். நீ வெள்ளைத் தாள் மாதிரி ஒரு பக்கம் செய்தாய். கறுப்பு எழுத்து, நீல லிங்க், அவ்வளவுதான். தலைப்பு, 'பின்வாசல் பாஷை'.

"ஒரு படமாவது போடேன், பாக்க சவம் மாதிரி கெடக்கு" என்று நான் சொன்னேன்.

"படம் எறங்கதுக்குள்ள பாக்கவன் எந்திச்சுப் போயிருவான்டீ. வார்த்தைதான் வேணும். வார்த்தைக்கு எதுக்கு மேக்கப்பு?" என்றாய்.

நோட்பேடில் ஒவ்வொரு எழுத்தாக நீயே அடிப்பாய். பக்கம் செய்து கொடுக்கிற சாஃப்ட்வேரைக் கண்டாலே உனக்கு ஆகாது, குப்பையை உள்ளே தள்ளிவிடும் என்பாய். ஒரு வார்த்தைக்கு ஒரு பக்கம். எந்தப் பக்கத்திலிருந்தும் முதல் பக்கத்துக்குத் திரும்ப வழி. முடித்ததும் இருப்பதிலேயே மோசமான மிஷினில் திறந்து பார்ப்பாய். அதில் வந்தால் உலகத்தில் எங்கேயும் வரும். தமிழ் எழுத்து அப்போது கட்டம் கட்டமாக விழுந்ததால் இங்கிலீஷ் எழுத்தில்தான் எல்லாம். ஏற்றுவதற்கு முன்னால் பக்கம் முழுவதையும் வாய்விட்டு வாசிப்பாய், கஸ்டமர் சிரித்தாலும் சரி. ஒருதடவை போட்டதை அழிக்கவேமாட்டாய். தப்பாக இருந்தால் அதன் கீழே சரியானதை எழுதுவாய்.

அர்த்தம் மட்டும் எழுதினால் போதாது என்பாய். அந்த வார்த்தையை யார் சொன்னது, எங்கே வைத்துச் சொன்னது, பிறகு என்ன ஆச்சு. இந்த மூன்றும் இல்லாத வாக்கியத்தை நீ சேர்க்கவே மாட்டாய். 'கெலூ' பக்கத்தில் இருப்பது இது. சொன்னது: அண்ணன். இடம்: அறை வாசல். பிறகு: சட்டுவம்.

புதுசாகப் பாஷை செய்கிற கூட்டம் ஒன்று வெளிநாட்டில் இருந்தது. ராஜாக்களுக்கும் வேறு கிரகத்து ஆட்களுக்கும் பாஷை செய்கிறவர்கள். அதில் ஒருத்தன் உனக்கு மெயில் போட்டிருந்தான், உங்கள் பாஷையில் நிலாவுக்கு வார்த்தை இல்லை, அடிக்கு மட்டும் இத்தனை வார்த்தை, இது ஏதாவது போர்க்குடியின் பாஷையா என்று. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஆமா, ரெண்டு பேரு உள்ள பட்டாளம்னு எழுதிருதேன்" என்றாய். எழுதியும் அனுப்பினாய்.

கட்சிக்காரர்கள் ஹர்த்தால் என்று கடையடைப்பு வைத்தால் ஊரே அடைத்துக் கிடக்கும், உனக்கு மட்டும் திருவிழா. நெட்டில் ஆளே இருக்காது, டெலிபோன் லைன் காலியாகக் கிடக்கும், மற்ற நாளில் நகராத பக்கம் அன்றைக்கு நொடியில் ஏறும். எழுதிவைத்ததை எல்லாம் ஹர்த்தாலுக்கென்று சேர்த்துவைப்பாய். முதலாளி சேட்டன் கையெடுத்துக் கும்பிட்டார். "எடா செல்வா, வேண்டாம் மோனே. கல்லெறியும் அவன்மார்." நீ கேட்டாயா? காற்று வருவதற்கு ஷட்டரைப் பாதி இறக்கிவைத்தால் யாருக்கும் தெரியாது என்றாய். சாவி உன்னிடம் இருந்தது. முட்டாளே, முட்டாளே, பக்கம் ஒருநாள் கழித்து ஏறினால் வானம் இடிந்தா விழும்?

அன்றைக்கு ஹோட்டல் எதுவும் கிடையாது என்று மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் நான் கொண்டுவந்தேன். நீ 'ஒவிலி' பக்கத்தை ஏற்றிக்கொண்டிருந்தாய். சந்து முனையில் கோஷம் கேட்டது. எந்தக் கட்சி என்று எழுதமாட்டேன். எந்தக் கொடியின் கம்பும் ஒரே மரம்தான்.

"ஆரடா அகத்து? அடைக்கடா!"

முதல் கல் ஷட்டரில் விழுந்தது. இரண்டாவது கல் ஷட்டருக்கு அடியில் புகுந்து ஒரு மானிட்டரை உடைத்தது. கண்ணாடி என் காலில் குத்தியது. நீ எழுந்து என்னைப் பின்கதவுப் பக்கமாகத் தள்ளினாய். "மொரு" என்றாய்.

நான் ஓடினேன். ஓடச் சொன்னது நீ. சந்தைத் தாண்டி லாட்ஜின் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்றேன். சின்ன வயதில் நின்ற மாதிரியே நின்றேன். இதோ வருவாய், இதோ வருவாய் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர் லாட்ஜ் மாடியிலிருந்து ஒருத்தன் பார்த்ததால்தான் மீதி எனக்குத் தெரியும். ஷட்டருக்கு உள்ளிருந்து பூட்டு கிடையாது. நீ அதைத் தரைவரை இழுத்துவிட்டு, அடிக்கம்பியின்மேல் ஏறி நின்றாய், அவர்கள் தூக்கக்கூடாது என்று; உன் செருப்புத் தடம் அதில் அப்படியே கிடந்தது. கடப்பாரை போட்டு நெம்பினார்கள். தூக்கிய வேகத்தில் நீ மல்லாந்து விழுந்தாய். காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஒருத்தன் கம்பியால் தலையில் அடித்தான், நீ எழுந்திருக்கப் பார்த்தாய், மறுபடியும் அடித்தான். ஒரு பாதிப் பக்கத்துக்காக உன் மண்டையைத் தேங்காய் மாதிரி உடைத்துப் போட்டார்கள் அண்ணே.

கூட்டம் போனபிறகுதான் நான் உன்னிடம் ஓடிவந்தேன். ஹர்த்தாலுக்கு ஆட்டோ ஏது? பால் வண்டி ஒன்று வந்தது, கையைக் காட்டினேன், நிற்கவில்லை. உன் ரத்தம் பட்ட கல் அங்கேயே கிடந்தது, எடுத்து எறிந்தேன். முன்கண்ணாடி தூளானது. டிரைவர் இறங்கி என்னை அடிக்க வந்தான். உன்னைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு கால்பக்கம் பிடித்துத் தூக்கினான். மெடிக்கல் காலேஜ் வரைக்கும் பால் டிரேக்களுக்கு நடுவில் என் மடியில் கிடந்தாய். அங்கே போய்க் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது.

அப்பா வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டார். டாக்டரின் சட்டையைப் பிடித்தார். பிறகு என்னிடம் வந்து கேட்டார்.

"கடைசியா என்னட்டீ சொன்னான்?"

"ஒங்களுக்குப் புரியாது" என்றேன்.

அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், என்னை அறைந்தார். நான் அசையவில்லை. இன்னொன்று அறைந்திருந்தால் கையைக் கடித்துத் துப்பியிருப்பேன்.

மறுநாள் எதிர்க்கட்சிக்காரன் கொடிபோட்ட மாலையோடு வந்தான், நீ அவர்கள் ஆளாம், அவர்களுக்காக உயிர் கொடுத்தாயாம். வாசலில் கிடந்த செருப்பை எடுத்து அவன் முகத்திலேயே போட்டேன். மாலையைப் பிய்த்துக் கால்வாயில் எறிந்தேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

பிறகு சேட்டன் உன் வேலையை எனக்குக் கொடுத்தார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. தனியாக விட முடியாது, தினமும் கூட்டிவந்து கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைக்கிறேன். நான்தான் குளிப்பாட்டுகிறேன், நான்தான் ஊட்டுகிறேன். மனசாரச் செய்கிறேன் என்று நினைத்துவிடாதே. ஊட்டும்போது சில நாள் கரண்டி பல்லில் இடிக்கும்.

தினமும் ஒரு கேள்விதான் அவருக்கு. "என்னட்டீ சொன்னான்?" நான் சொல்லவில்லை. அவருக்கு நான் கொடுக்க முடிந்த அடி அது ஒன்றுதான். ஒருநாள்கூடத் தவறாமல் கொடுத்தேன்.

இப்போது பக்கங்களை மாற்றும்போது உன் வழக்கப்படி ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்தேன். தமிழ் எழுத்து இப்போது ஒழுங்காக வருகிறது, எல்லாவற்றையும் தமிழில் அடித்து வாசித்தேன். வேண்டுமென்றே அவர் காதில் விழுகிற மாதிரி வாசித்தேன். பெல்ட் வந்த வாக்கியம், விறகு வந்த வாக்கியம், ஒன்றையும் விடவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். 'கெலூ' வந்ததும் வாயைத் திறந்தார்.

"பொய்யி. சட்டுவத்தால நா அடிச்சதில்ல."

"அவன் காதுக்குப் பொறத்தால கெடந்தது பெறகு என்ன? ஆசுபத்திரில அவனத் தொடைக்கும்போது பாக்கலியா நீங்க?"

அவர் தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்தடுத்த நாளும் வாசித்தேன். 'மொரு' பக்கம் வந்தது. அர்த்தத்தையும் பழைய வாக்கியங்களையும் வாசித்தேன். எல்லாவற்றிலும், பிறகு: வந்தான். பிறகு: வந்தான். அதோடு நிறுத்திக் கீபோர்டைத் தள்ளிவைத்தேன்.

"இதுதானா?" என்றார் அப்பா.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி நின்றது.

போன வாரம் ஹர்த்தால். இப்போது பிராட்பேண்ட் வந்துவிட்டது, எந்த நாளும் பக்கம் பறக்கும். காத்திருக்க அவசியமே இல்லை. ஆனாலும் 'மொரு'வை நான் ஹர்த்தாலுக்கென்றே வைத்திருந்தேன். நீ செய்ததையே செய்து, அந்த நாளிலேயே உட்கார்ந்து எழுதி முடித்துவிடுவேன் என்று ஒரு வீம்பு. ஷட்டரைப் பாதி இறக்கினேன். திட்டு, நன்றாகத் திட்டு. அண்ணனுக்கு ஏற்ற தங்கச்சி.

அப்பா நாற்காலியை இழுத்து ஷட்டரின் அடியிலேயே போட்டுக்கொண்டார். வெயில் ஏறின நேரம், அதே சந்து, அதே சத்தம். "அடைக்கடா!" ஒரு சோடா பாட்டில் வந்து சுவரில் உடைந்து, சில்லு அப்பாவின் நெற்றியைக் கிழித்தது. அவர் எழுந்தார். ஒற்றைக் கையால் ஷட்டரை இழுத்தார், தொங்கி இழுத்தார், அது இறங்கியது. அடிக்கம்பியின்மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றார். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார்.

"மொரு" என்றார்.

என் கால் பின்கதவுக்குப் போய்விட்டது அண்ணே. அந்த வார்த்தைக்கு அதுதானே பழக்கம். கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபிறகுதான் எனக்கு வெறி பிடித்தது. திரும்பி ஓடிவந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கீழே இழுத்தேன். "அத நீங்க சொல்லக்கூடாது! ஒங்க வாயால சொல்லக்கூடாது!" என்று கத்தி நெஞ்சிலே அடித்தேன், தோளிலே அடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவை அடித்தேன். அவர் தடுக்கவில்லை. வெளியே ஷட்டரில் உதைத்தார்கள், உள்ளே நான் அவரை உதைக்காத குறை. பிறகு அவர் அக்குளுக்குள் கையைக் கொடுத்து, திட்டிக்கொண்டே, பின்கதவு வழியாக இழுத்துக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். போலீஸ் ஜீப் சத்தம் கேட்டு அவர்கள் கலைந்து போனார்கள். ஷட்டர் நெளிந்தது, அவ்வளவுதான்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உன் காது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் பேசியவர் யாராக இருந்தாலும் பேரைப் போடவேண்டும் என்பது உன் சட்டம். அவர் வாக்கியத்தைச் சேர்க்கவேண்டும் என்றால் அதற்கு முன்னால் உன்னுடையது வரவேண்டும். வேறு வழியில்லாமல் எழுதினேன். வாய்விட்டு வாசித்தேன். அப்பா நெற்றியில் பிளாஸ்திரியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

சொன்னது: அண்ணன். இடம்: தம்பானூர், கடை. பிறகு: வரவில்லை.

சொன்னது: அப்பா. இடம்: தம்பானூர், கடை. பிறகு: தங்கச்சி இழுத்துக்கொண்டு வந்தாள்.

இருப்பதிலேயே மோசமான மிஷினில் திறந்து பார்த்தேன். இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிகின்றன. உன்னையும் அப்படி இழுத்துக்கொண்டு வந்திருப்பேனே அண்ணே. ஏன் எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னாய்? ஏன் வேறு எதையாவது சொல்லவில்லை?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். 'ஒவிலி' பக்கம் நீ விட்ட இடத்திலேயே, பாதி வாக்கியத்தில் நிற்கும், அதை யாரையும் முடிக்கவிடமாட்டேன். மற்ற எல்லாப் பக்கமும் திறக்கிறதா, எல்லாவற்றிலிருந்தும் திரும்ப வழி இருக்கிறதா என்று நான் உயிரோடு இருக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். ஹர்த்தால் அன்றைக்குக் கடையை இனித் திறக்கமாட்டேன். ஆனால் யார் மொரு சொன்னாலும், இனி நான் முதலில் ஓடமாட்டேன்.

தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் இன்னும் உன்னைப் பார்த்து நிற்கிற,
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
இசக்கி